காற்றாடி நிற்கும் வரை

ஏரோபிளேனைப் பறக்க வைக்கிறவனை ஊரே அண்ணாந்து பார்க்கும். அது கீழே இறங்கிய பிறகு ஒழுங்காக நிற்க வைக்கிறவனை ஒரு ஈ காக்கா திரும்பிப் பார்க்காது. அந்த இரண்டாவது ஆள் நான்தான். நீங்களும் திருவிழாக் கூட்டத்தில் கயிறு பிடித்து நின்றிருக்கலாம். ரயில் கேட்டை மூடிவிட்டு, நின்ற வண்டிக்காரர்களிடம் எல்லாம் ஏச்சு வாங்கியிருக்கலாம். அப்படியானால் நீங்களும் நம்ம கட்சி. உட்காருங்கள், என் வயிற்றெரிச்சலைக் கேளுங்கள்.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப்போகிறது என்று மலாக்கா முழுக்க ஒரே பேச்சாக இருந்த காலம் அது. எனக்குக் காஜா பெராங்கில் வீடு. அங்கிருந்து சைக்கிளை மிதித்தால், ஊருக்கு வெளியே ஒரு சின்ன விமானத் திடல். ஒரு தகரக் கொட்டகை, கம்பத்தில் காற்றின் திசை காட்டுகிற ஒரு துணிப் பை, கொஞ்சம் தார்த்தளம், மிச்சமெல்லாம் புல். வாரத்தில் சில நாள் சிங்கப்பூரிலிருந்து ஒரு டக்கோட்டா விமானம் வரும், போகும். கீழே நாங்கள் மூன்று பேர். ஆபீஸ் எழுத்து வேலை பார்க்கிற யாழ்ப்பாணத்துக் கிராணியார் எங்களுக்கு மேலதிகாரி. கிருஷ்ணன் அண்ணன் சக்கரத்துக்குக் கட்டை வைப்பவர். அவர் மலாக்கா செட்டி, பல தலைமுறைக்கு முன்னால் இங்கே குடியேறிய தமிழர் வழி. நெற்றியில் திருநீறு இருக்கும், வாயில் மலாய்தான் வரும், தமிழில் நாலு வார்த்தைக்கு மேல் தெரியாது. மூன்றாவது ஆள் நான், பிற்பாடு கை காட்டுகிறவன் ஆனவன். எங்கள் வேலையைச் சொல்வது சுலபம்: வந்த ஏரோபிளேன் அதன் இடத்தில் நிற்க வேண்டும், வந்த ஆள் முழுசாக வீட்டுக்குப் போக வேண்டும்.

கோஸ்தான்

இதற்கு முன்னால் நான் ரப்பர் ஏற்றுகிற லோரியில் உதவியாளாக இருந்தவன். லோரியில் ஒரே மந்திரம் தெரிந்தால் போதும். டிரைவர் வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டுமென்றால், பின்பக்கம் போய் நின்று, பலகையைத் தட்டி, “கோஸ்தான்! கோஸ்தான்!” என்று கத்த வேண்டும். நம் நாட்டில் சீனன், மலாய்க்காரன், தமிழன் எல்லாருக்கும் புரிகிற ஒரே வேதம் அது.

முதல் நாள் என்னைச் சும்மா நின்று பார்க்கச் சொல்லியிருந்தார் கிராணியார். பார்த்தேன். புக்கிட் பாரு பக்கத்து வானத்தில் கொசு மாதிரி ஒன்று தெரிந்தது. அது கொக்காகி, கூரையாகி, தரையில் இறங்கித் திரும்பி எங்களை நோக்கி உருண்டு வந்தபோது, அம்மாடி! வாலைத் தரையில் வைத்துக்கொண்டு, மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு, ஒரு முழு வீடு நடந்து வந்தது. என் நெஞ்சுக்கூட்டில் அதன் சத்தம் கேட்டது, காதில் இல்லை. மூக்கு அத்தனை உயரத்தில் இருப்பதால், ஓட்டுகிற துரைக்குத் தன் முன்னால் இருக்கிற தரை தெரியாதாம். அவர் ஜன்னலுக்கு நேராக, இடப்பக்கம் தள்ளி நிற்கிற ஆளின் இரண்டு கையை நம்பித்தான் அந்த வீடே நகர்கிறது. அன்றைக்கு அந்தக் கை கிருஷ்ணன் அண்ணனுடையது. நான் வாயைப் பிளந்தபடி நின்றேன்.

வாயை மூடியிருந்தால் மானம் தப்பியிருக்கும். ஏரோபிளேன் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி ஆறடி முன்னால் போய்விட்டது. எனக்குக் கை துறுதுறுத்தது. ஓடினேன் பின்பக்கம், வாலில் ஓங்கி ஒரு தட்டு, “கோஸ்தான்! கோஸ்தான்!” அதே நேரம் துரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து சரியாக நிற்கலாம் என்று இயந்திரத்தை முடுக்கினார். பிறகு நான் பார்த்தது வானம், புல், வானம், புல். சட்டை தலைக்கு மேல் போயிற்று, தொப்பி ரப்பர் மரங்களுக்கு நடுவே போயிற்று, வாய் நிறைய மண். கிருஷ்ணன் அண்ணன் வந்து என்னை உட்கார வைத்து, முதுகைத் தட்டி, மலாயில் மெதுவாகச் சொன்னார்: “சாமி, அதுக்குக் கோஸ்தான் தெரியாது, அது இங்கிலீஷ்காரன் செஞ்சது.”

கயிறு

அடுத்த வாரம் நடந்ததைச் சிரித்துக்கொண்டு சொல்ல எனக்கு வராது. ஏரோபிளேனின் இரண்டு இறக்கையிலும் இயந்திரத்துக்கு முன்னால் சுற்றுகிற காற்றாடியைப் பற்றி உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அது மெதுவாகச் சுற்றும்போது கண்ணுக்குத் தெரியும். வேகம் பிடித்துவிட்டால் தெரியாது. மூன்று இலை, ஒவ்வொன்றும் ஓர் ஆள் உயரத்துக்கு. அத்தனையும் எங்கோ போய்விட்டு அந்த இடத்தில் வெறும் வெளிச்சம் நிற்கும். அந்தப் பக்கம் இருக்கிற மரம், கொட்டகை, ஆள் எல்லாம் அதன் வழியாகத் தெளிவாகத் தெரியும். இல்லாத ஒன்றைப் போல் இருந்துகொண்டு இருபது பேரை வானத்துக்குத் தூக்கிப் போகிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்குக் கை தன்னால் கும்பிடப் போகும்.

பக்கத்துக் கம்போங் கிராமத்திலிருந்து ஓர் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு புல் மேய வந்தது. தளத்தில் டக்கோட்டா புறப்படத் தயாராக இருந்தது. நான் கத்தினேன், கையை வீசினேன், கல்லைக்கூட எடுத்தேன். ஆடு அந்த வெளிச்சத்தைப் பார்த்தது. அங்கே ஒன்றும் இல்லை என்று அது நினைத்திருக்க வேண்டும். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். நேராக நடந்தது. ஒரு சத்தம், அவ்வளவுதான். என் சட்டையைத் துவைக்கும்போது என் மனைவி லெட்சுமி இது என்ன கறை என்று கேட்டாள். சட்டையைப் பிடுங்கி நானே கல்லில் அடித்துத் துவைத்தேன். அன்றிரவு சோறும் இறங்கவில்லை.

அன்றைக்கே தளத்தில் சுண்ணாம்பால் ஒரு நீளக் கோடு போட்டேன். காற்றாடி முழுசாக நின்று, மூன்று இலையும் கண்ணுக்குத் தெரிகிற வரை, அந்தக் கோட்டை ஒருத்தர் தாண்டக் கூடாது. போனது ஆடு. அது ஆளாக இருந்தால் நான் எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவேன்? அந்தப் பயம் என் வயிற்றில் குடியேறிவிட்டது. ஆட்டுக்காரப் பெரியவர் சாயந்தரம் தேடிக்கொண்டு வந்தார். நாங்கள் எடுத்து வைத்திருந்ததைக் கையில் வாங்கினார். புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: “கயிறு இருக்கு, ஆடு எங்கே?”

தலை

கை காட்டுகிற வேலை எனக்கு வந்தது. கிராணியார் இரண்டு வெள்ளை மட்டைகளைக் கொடுத்து, ஒரு தாளில் படம் போட்டு, “இதைப் பாடமாக்கும், காணும்” என்றார். வா, திரும்பு, மெதுவாக, நில். ராப்பகலாகப் பழகினேன். லெட்சுமி கிணற்றடியிலிருந்து தண்ணீர் தூக்கி வருவாள். நான் வாசலில் நின்று அவளை அடுப்படி வரை கை காட்டிக் கொண்டுபோய் நிறுத்துவேன். அவள் திட்டினது எல்லாம் இங்கே எழுத முடியாது.

கையைப் பாடமாக்கினேன். தலையை மறந்துவிட்டேன். எங்கள் தளம் கொஞ்சம் சரிவு. அதனால் சக்கரத்துக்குக் கட்டை வைத்தாயிற்று என்று தெரிந்த பிறகுதான் துரை இயந்திரத்தை நிறுத்துவார். கிருஷ்ணன் அண்ணன் கட்டையை வைத்துவிட்டு எனக்கு விரல் காட்டினார். மேலே துரை ஜன்னலைத் தள்ளி எட்டிப் பார்த்து, வைத்தாயிற்றா என்கிற மாதிரி புருவத்தைத் தூக்கினார். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? நானும் அதையேதான் செய்தேன். மட்டை இரண்டும் கையில் இருந்ததால், ‘ஆச்சுங்க, ஆச்சுங்க’ என்று தலையை இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்குமாக அழகாக ஆட்டினேன்.

துரை நிறுத்தவில்லை. மறுபடியும் புருவம். நான் இன்னும் மரியாதையாக, பல் தெரியச் சிரித்து ஆட்டினேன். அவர் முகம் சிவந்தது. எவ்வளவு சிவந்ததோ அவ்வளவு பணிவாக ஆட்டினேன். மத்தியான வெயிலில் உள்ளே இருந்தவர்கள் வெந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் ஜன்னல் கண்ணாடியில் கன்னத்தை ஒட்டி வைத்து என்னையே பாவமாகப் பார்த்தார். இரண்டு இயந்திரம், இருபது உயிர், எல்லாம் என் ஒற்றைத் தலைக்குக் காத்திருந்ததை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. கடைசியில் கிருஷ்ணன் அண்ணன் இறக்கையைச் சுற்றி வந்து தன் விரலைக் காட்டியபோதுதான் சத்தம் அடங்கியது. துரை படபடவென்று இறங்கி வந்து என்னவோ பொரிந்தார். கிராணியார் முகத்தில் சிரிப்பைக் காட்டாமல் மொழிபெயர்த்தார்: “துரை கேட்கிறார், ஓம் எண்டால் மேல கீழ, இல்லை எண்டால் இடம் வலம், நீர் ஆட்டினது எந்த ஊர் வழி?”

தேங்காய்

பினாங்கில் தம்பி கல்யாணத்துக்குப் போக, பாசார் பக்கத்து மளிகைக் கடை முதலாளி ஒருவர் மனைவியோடு வந்தார். சிங்கப்பூர் போய் அங்கிருந்து பெரிய விமானம் மாறுவதாக ஏற்பாடு. இருவருக்கும் முதல் பயணம். கோட்டருகே வந்ததும் முதலாளிக்குக் கால் நகரவில்லை. “இதையா, தம்பி, ஆகாசத்துல தூக்கப் போறாங்க?” என்றார். “ஆமாங்க.” “கீழ ஒண்ணும் கம்பி கிம்பி இல்லாமயா?” “இல்லாமதாங்க.” அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இயந்திரம் ஓடவில்லை, காற்றாடி சும்மாதான் நின்றது, அதனால் கொஞ்சம் அசந்துவிட்டேன். புது வண்டி எடுத்தால் நாம் என்ன செய்வோமோ அதை அவர் செய்தார். பையிலிருந்து எலுமிச்சம்பழம் எடுத்துச் சக்கரத்துக்கு முன்னால் வைத்தார். சக்கரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். போகட்டும், பழம் யாரை என்ன செய்யும் என்று நான் திரும்புவதற்குள், பையிலிருந்து தேங்காயை எடுத்து, காற்றாடிக்கு நேர் கீழே தார்த்தளத்தில் போட்டார் ஒரு போடு! சிதறுகாய்!

கிராணியார் தலையில் கை வைத்துக்கொண்டு ஓடி வந்தார். அந்தக் காற்றாடி தரையில் கிடக்கிற கல்லையும் ஓட்டுத் துண்டையும் உறிஞ்சி எடுத்துத் துப்பாக்கிக் குண்டு மாதிரி வீசும். யார் கண் போகும் என்று சொல்ல முடியாது. கிருஷ்ணன் அண்ணனும் நானும் முழங்காலில் தவழ்ந்து பொறுக்கினோம். “தேங்காயை ஒட்டி முழுசாக் காட்டும், பிறகு அனுப்புறன்” என்று கிராணியார் ஒற்றைக் காலில் நின்றார். துண்டு துண்டாகச் சேர்த்து வைத்தோம். தேங்காய் எழுந்து வந்தது. பக்கத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஓர் ஓட்டை. ஒரு துண்டு குறைகிறது. சக்கரத்துக்கு அடியில் பார்த்தோம், புல்லில் பார்த்தோம், மேலே துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்போதுதான் முதலாளி அம்மாவின் கன்னம் மெல்ல அசைவதைக் கவனித்தேன். தேங்காய்ச் சில் வாயில், ஓடு சேலைத் தலைப்பு முடிச்சில். அந்த அம்மா கொஞ்சமும் வெட்கப்படாமல் சொன்னது இது: “சாமிக்கு ஒடைச்சதைக் கீழ விடலாமா தம்பி? கேட்டிருந்தா உங்களுக்கும் ஒரு கடி குடுத்திருப்பேனே!”

ஆரத்தி

தலைவர் ஒருவர் எங்கள் ஊர்க் கூட்டத்தில் பேச விமானத்தில் வருகிறார் என்றார்கள். பெயர் வேண்டாம், அந்தக் காலத்தில் யார் வந்தாலும் கூட்டம்தான். புக்கிட் ரம்பாய் தோட்டத்திலிருந்து மூன்று லோரியில் ஆட்கள், மேளம், ஆளுயர மாலை. ஆரத்தி எடுக்கக் காஜா பெராங் கோயில் பெண்கள் லெட்சுமியைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். கூறைச்சேலையைக் கட்டிக்கொண்டு அவள் புறப்பட்ட அழகைப் பார்த்து எனக்குப் பெருமையும் வந்தது, வயிற்றில் குடியிருந்த பயமும் எழுந்து உட்கார்ந்தது. “காத்தாடி நிக்கிற வரைக்கும் கோட்டைத் தாண்டிடாதே, லெட்சுமி” என்றேன். “சுத்துறது எது, நிக்கிறது எதுன்னு எனக்குத் தெரியாதா?” என்றாள்.

டக்கோட்டா வந்தது. மட்டைகளைத் தலைக்கு மேல் குறுக்காகப் பிடித்து நிறுத்தினேன். கிருஷ்ணன் அண்ணன் கட்டையைத் தூக்கிக்கொண்டு இறக்கைக்கு அடியில் குனிந்து போனார். சக்கரம் நின்றுவிட்டது, காற்றாடி நிற்கவில்லை. ஆனால் கூட்டத்துக்குச் சக்கரம்தான் தெரியும். யாரோ ஜன்னலில் தலைவர் முகத்தைப் பார்த்துவிட்டு “மெர்டேக்கா!” என்று கத்த, மேளம் பிளக்க, கூட்டத்தைத் தடுக்கக் கட்டியிருந்த கயிறு அறுந்தது. இரண்டு போலீஸ்காரர்கள் கையை விரித்து நின்றார்கள். பாறையைச் சுற்றிப் போகிற தண்ணீர் மாதிரி அவர்களைச் சுற்றிக்கொண்டு ஜனம் வந்தது. கதவு வாலுக்குப் பக்கத்தில். கூட்டம் வந்த வழியில் பார்த்தால், நேரே போகிற பாதை இடது காற்றாடிக்குள்ளே போகிறது.

எல்லாருக்கும் முன்னால் லெட்சுமி. தட்டில் கற்பூரம் அணையாமல் இருக்க ஒரு கையால் மறைத்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல், தீபத்தையே பார்த்து நடந்து வருகிறாள். கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அப்போது ஒன்றைப் பார்த்தேன், சாகும்வரை மறக்க மாட்டேன்: அவள் கையிலிருந்த சுடர் நிமிர்ந்து எரியவில்லை. காற்றாடி இருக்கிற பக்கமாகச் சாய்ந்து எரிந்தது. கண்ணுக்குத் தெரியாத அது, சுடரை இழுத்துக்கொண்டிருந்தது.

மட்டைகளை எறிந்துவிட்டு ஓடினேன். கையை விரித்து நின்றால் என்னையும் சுற்றிக்கொண்டு போவார்கள், அதைத்தான் இப்போது பார்த்தேனே. யோசித்துச் செய்ததாகச் சொன்னால் பொய். அவள் காலுக்கும் கோட்டுக்கும் நடுவில் குறுக்கே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். படுத்துக் கிடக்கிற ஆளை நம் சனங்கள் தாண்டுவார்களா? வளர்த்தி நின்றுவிடும் என்று சின்னப் பிள்ளையைக்கூடத் தாண்ட மாட்டோம். அதிலும் புருஷனை, அதிலும் கையில் ஆரத்தித் தட்டோடு! லெட்சுமியின் கால் என் விலாவுக்கு அருகில் வந்து, அந்தரத்தில் ஒரு கணம் நின்று, பின்னால் போயிற்று. அவள் நின்றாள். பக்கத்தில் வந்த பெண்கள் நின்றார்கள். அவர்கள் முதுகில் மோதி மேளக்காரர் நின்றார், மாலை நின்றது, மூன்று லோரி ஜனமும் நின்றது.

மேலே துரை பார்த்துவிட்டார். கட்டைக்குக்கூடக் காத்திருக்காமல் இயந்திரத்தை நிறுத்தினார். சத்தம் இறங்கியது. தார் சுட்டது, நான் தலையை மட்டும் திருப்பிப் பார்த்தேன். வெறும் வெளிச்சமாக இருந்த இடத்தில் முதலில் ஒரு நிழல் வந்தது. நிழல் கலைந்து இலையாகி, ஒன்று, இரண்டு, மூன்று, லெட்சுமிக்கு நேர் எதிரே பத்தடி தூரத்தில், ஓர் ஆள் உயரத்துக்கு, மெல்ல மெல்ல ஆடி நின்றது. தலைவர் கதவில் நின்றதை யாரும் பார்க்கவே இல்லை. எல்லாரும் அந்த மூன்று இலையைப் பார்த்தோம். கிருஷ்ணன் அண்ணன் இறக்கைக்கு அடியிலிருந்து வெளியே வந்து, தனக்குத் தெரிந்த நாலு தமிழ் வார்த்தையில் ஒன்றை, “முருகா” என்று, சொல்லி அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

லெட்சுமி தலை நிமிர்ந்தாள். காற்றாடியைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள், கீழே கிடந்த என்னைப் பார்த்தாள். விஷயம் அவளுக்கு விளங்கிவிட்டது, கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. பிறகு சுற்றி நிற்கிற காஜா பெராங் முழுவதையும் பார்த்தாள். குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு என் காதில் சொன்னாள்: “ஐயோ, எந்திரிங்க, ஊரே பாக்குது, இப்படியா என் கால்ல விழுவீங்க!”

அன்றிலிருந்து என்னைப் பெண்டாட்டி காலில் விழுந்தவன் என்றுதான் ஊரில் சொல்கிறார்கள், சொல்லட்டும், விழுவதற்கு அந்தக் கால் இரண்டும் வீட்டில் நடமாடிக்கொண்டிருக்கின்றனவே, அது போதாதா?